சியம் ரீப் காப்பகத்துக்கு மகளை அனுப்பலாமா?

ஜூரோங் வாசகி, நவம்பர் 2, காலை

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு. டிசம்பரில் கம்போடியாவுக்குத் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்கிறாள். சியம் ரீப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். 20 மாணவர்கள், 10 நாள், தலைக்கு 1,600 சிங்கப்பூர் வெள்ளி. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, சுவருக்குச் சாயம் பூசுவது, விளையாட்டு, கடைசி நாள் அங்கோர் வாட். வீட்டில் இருக்கிற வசதியின் அருமை அவளுக்குப் புரியட்டும் என்று எனக்கும் ஆசைதான். அவள் அப்பா "காசைக் கட்டு, போய் வரட்டும்" என்கிறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. யாராவது போயிருக்கிறீர்களா?

நவம்பர் 2, இரவு

போயிருக்கிறேன் அக்கா. ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. காசு கட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற அறைக்குள் நம் மாணவர்களை விடுவார்களா? "தாராளமாகப் போகலாம், தூக்கிக் கொஞ்சலாம்" என்று பதில் வந்தால் காசைக் கட்டாதீர்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன். மாதக் கணக்கு முடித்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 3

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு வேலை கணக்குப் பிரிவில். தோழி ஒருத்தி மூலமாகத்தான் நான் போன காப்பகம் அறிமுகம். அவர்களும் ஆங்கிலம் சொல்லித் தரத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வகுப்பெடுத்துப் பழக்கமில்லை, உங்கள் வரவு செலவுப் புத்தகம் இருந்தால் காட்டுங்கள், அதில் ஏதாவது உதவ முடியுமா என்று பார்க்கிறேன் என்றேன். சிரித்தார்கள். புத்தகம் என்று எதுவும் இல்லை. பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ரசீதுகள். பாதி கம்போடியர்களின் கெமர் எழுத்தில், மீதியில் வெறும் தொகை மட்டும். அரிசிக்கு உள்ளூர்க் காசான ரியல், டீசலுக்கு டாலர். ஒரு டாலருக்கு 4,000 ரியல் என்று ஊரே போடுகிற கணக்குதான் அங்கேயும்.

எனக்கு மேசை போட்டது வராந்தாவில். அங்கே உட்கார்ந்தால் வாசலும் தெரியும், வகுப்பும் தெரியும், துணி துவைக்கிற இடமும் தெரியும். வகுப்பெடுக்க வந்தவர்கள் பார்க்காததெல்லாம் என் கண்ணில் பட்டது அதனால்தான்.

காலையில் பெரிய பெண்கள் சின்னப் பிள்ளைகளைக் காலிடுக்கில் உட்கார வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேன் சத்தம் கேட்கும். சீப்பு அந்தப் பக்கம் பறக்கும், பிள்ளைகள் இந்தப் பக்கம் ஓடுவார்கள். வேனிலிருந்து இறங்குகிறவரின் பெயர்கூடத் தெரியாது, அதற்குள் நாலு வயதுப் பையன் அவர் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருப்பான். வந்தவர் கண் கலங்கிப் போவார். "பார், இவனுக்கு என்னை எவ்வளவு பிடித்துவிட்டது!" சாயங்காலம் வேன் போய்விடும். அடுத்த வேனுக்கும் அதே பையன், அதே ஓட்டம், அதே இடுப்பு.

என் பெரியம்மா பேரனுக்கும் நாலு வயதுதான். புது ஆள் வந்தால் அம்மா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும். ஒளிந்துகொள்ள ஒரு கால் இருக்கிறது என்று அர்த்தம். எவர் வந்தாலும் ஓடிப் போய் ஒட்டிக்கொள்கிற பழக்கத்தை, வளர்க்கிற கை மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கலாம் என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் 2000ஆம் ஆண்டு 136 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புப் பெற்றோர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி, காப்பகத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாக இருந்தது. சீக்கிரம் போனவர்களுக்கு இன்னும் நன்றாக இருந்தது. இடுப்பில் ஏறிய பையனைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஆங்கில வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வருகிற குழு எல்லாம் நிறங்களில்தான் ஆரம்பிக்கும். சிவப்பு, பச்சை, வானம் என்ன நிறம்? ஒருநாள் நம்மூர்ப் பையன் ஒருவன் அட்டையை எடுத்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். முதல் பெஞ்சில் இருந்த பத்து வயசுக்காரன் நல்ல ஆங்கிலத்தில், "இப்போது நீங்கள் வாழைப்பழத்தைக் காட்ட வேண்டும் அண்ணா" என்றான். எத்தனை குழுவுக்கு அவன் மாணவனாக இருந்திருப்பானோ!

நவம்பர் 3, சாப்பிட்ட பிறகு

ஏப்ரல் விஷயத்தை எழுத மறந்தேன். அதுதான் முக்கியம்.

ஒரு வருடம் புனித வெள்ளி நம் புத்தாண்டோடு ஒட்டி வந்தது. விடுப்பைச் சேர்த்துப் போட்டுக் கிளம்பிவிட்டேன். கம்போடியர்களுக்கும் ஏப்ரல் நடுவில்தான் புத்தாண்டு, மூன்று நாள் கொண்டாட்டம். போய்ப் பார்த்தால் காப்பகம் கிட்டத்தட்டக் காலி, சில பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். சமையல்காரம்மா சின்னச் சட்டியில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் எங்கே என்றேன். ஊருக்குப் போயாச்சு என்றார். யார் வீட்டுக்கு? என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவங்க அவங்க அம்மா அப்பா வீட்டுக்கு."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கைப்பிடியில் மாங்காய்ப் பை தொங்கியது. நோட்டில் கைநாட்டு வைத்தார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி பையோடு ஓடிவந்து பின்னால் ஏறி, அப்பா சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். காப்பகம் நன்கொடையாளர்களுக்கு அனுப்புகிற துண்டுப் பிரசுரத்தின் அட்டையில் இருந்தது அந்தப் பெண்தான். படத்துக்குக் கீழே, ஆதரவற்ற குழந்தை என்று போட்டிருக்கும்.

நவம்பர் 4

காப்பகத்தின் பெயரைத் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அது ஏதோ திருட்டுக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள், காய்ச்சல் வந்தால் ராத்திரியிலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 5

காப்பகப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்று செங்காங் தம்பி எழுதியிருக்கிறார். யுனிசெஃப் வழக்கமாகச் சொல்வது, கம்போடியக் காப்பகங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ, ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பது. மீதிப் பேருக்கும் பாட்டி, மாமா என்று யாராவது இருக்கலாம், அது தனிக் கணக்கு.

இன்னொன்று. 2005இல் கம்போடியாவில் 154 காப்பகங்கள் இருந்தன. 2010இல் 269. போர் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, நாட்டில் வறுமையும் குறைந்துகொண்டு வந்த காலம் அது. பிறகு ஏன் காப்பகம் மட்டும் பெருகியது? அங்கோர் பார்க்க வந்த கூட்டமும் அதே வருடங்களில்தான் பெருகியது. அந்தப் புதுக் காப்பகங்கள் பெரும்பாலும் அரசாங்கத்துடையவை அல்ல, வெளிநாட்டுக் காசில் நடப்பவை. வருகிறவர்கள் அநாதைப் பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஊரில் ஏழைப் பெற்றோர் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கட்டடம் எழும்பியது. 2015இல் எண்ணிப் பார்த்தபோது 406 காப்பகங்கள், அவற்றில் 16,579 பிள்ளைகள். அதற்கப்புறம்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, ஐந்து மாநிலங்களில் 30 விழுக்காட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று இலக்கு வைத்தது.

எதிர்ப்பும் புதிதல்ல. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011லேயே, குழந்தைகள் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிற காட்சிப் பொருள் அல்ல என்று பிரசாரம் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது காப்பகத்துக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் பேசியது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச் சபைத் தீர்மானத்திலும் இந்தக் கவலை வந்துவிட்டது. ஜூரோங் அக்காவுக்கு மனசு ஒப்பாததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, இரவு

கெமர் எழுத்தே பல்லவர் கொடுத்ததுதான் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். வந்துவிட்டார் பல்லவர்! எந்த இழையானாலும் எப்படியாவது ஒரு மன்னர் உள்ளே வந்தாக வேண்டும் நமக்கு.

ஆனால் அண்ணன் சொன்னது உண்மை. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்ததுதான். ஆண்டு குறித்த கெமர்க் கல்வெட்டுகளில் பழையது 611ஆம் ஆண்டு. அந்த பிஸ்கட் டின்னைப் படிக்க வேண்டுமே என்று பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனிடம் எழுத்துப் பழகினேன். க, ச என்று நம் வரிசையிலேயே போகிறது. எண்கள்தான் வேடிக்கை. ஐந்து வரைக்கும் பெயர் உண்டு, ஆறுக்கு ஐந்து-ஒன்று, ஏழுக்கு ஐந்து-இரண்டு. நான் தப்பாகச் சொன்னால் பென்சிலால் மேசையைத் தட்டுவான். நகத்தைக் கடித்துக்கொண்டு ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே பையனா இவன் என்று இருந்தது. வாத்தியார் வேலை அவனுக்கு ரொம்பப் பொருந்தியது.

ராஜேந்திர சோழனை தயவுசெய்து அடுத்த இழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 7

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மேலே எழுதியதையெல்லாம் படித்தால் பெற்றோர் ஏதோ பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றும். நான் பார்த்தது அப்படி இல்லை.

மாங்காய்ப் பை அப்பா தாய்லாந்தில் கட்டட வேலை செய்கிறவர். அம்மாவும் கூடவே போய்விட்டார். ஊரில் பாட்டி மட்டும். நடுநிலைப் பள்ளி ரொம்பத் தூரம், மழைக்காலத்தில் பாதை முழுக்கத் தண்ணீர். காப்பகத்தில் சோறும் உண்டு, பக்கத்திலேயே பள்ளியும் உண்டு, ஆங்கிலமும் இலவசம். எந்த அப்பாவுக்குத்தான் ஆசை வராது?

எங்கள் அம்மாவின் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அங்கே எத்தனையோ பிள்ளைகள் அரசு விடுதியில் தங்கித்தான் படித்தார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார்கள், லீவு முடிந்ததும் தகரப் பெட்டியோடு திரும்பிப் போவார்கள். விடுதிச் சாம்பாரைத் திட்டுவார்கள். அவர்களை யாரும் அநாதை என்று சொல்லவில்லை, வேனில் வந்து இடுப்பில் தூக்கி வைத்துப் படம் எடுக்கவும் இல்லை. மாங்காய்ப் பை அப்பா தேடியது அப்படி ஒரு விடுதியைத்தான். பக்கத்தில் கிடைத்தது காப்பகம். காப்பகத்துக்குக் காசு வர வேண்டுமானால் பிள்ளை அநாதையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விவகாரம்.

இதைச் சமையல்காரம்மாவிடம் ஒருதரம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பிள்ளைகள் அவரை மிங் என்று கூப்பிடுவார்கள், நம் சித்தி மாதிரி. எலுமிச்சைப்புல்லை இடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "வேன் வந்தால் அரிசி வருகிறது. வேனை நிறுத்திவிட்டு அரிசிக்கு நீ என்ன செய்வாய்?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியாது. வேனை நிறுத்துகிறவர்கள் அரிசியையும் நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

வீடே ஆபத்தான பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அடி உதைக்குத் தப்பி வந்தவர்கள். ஏப்ரலில் சின்னச் சட்டிச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு ஒரு கூரை கட்டாயம் தேவை. வேனில் வந்து இறங்குகிற புதுமுகங்கள், மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட அவர்களுக்குத்தான் குறைவாகத் தேவை.

நவம்பர் 8

"அப்படியானால் எங்கள் பிள்ளைகள் யாருமே எங்கும் போகக்கூடாதா?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் வேண்டாம், கணக்குப் போடுவோம். என் தொழில் அது.

20 பேர், தலைக்கு 1,600. மொத்தம் 32,000 வெள்ளி. சுமார் 24,600 அமெரிக்க டாலர். கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலை ஊழியருக்கு 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர், வருடத்துக்கு 2,496. நம் பிள்ளைகளின் பத்து நாள் செலவில், உள்ளூர் ஆசிரியர்களோ பராமரிப்பாளர்களோ ஏறக்குறைய பத்துப் பேரை அந்தச் சம்பளத்தில் ஒரு வருடம் வேலைக்கு வைக்கலாம். அவர்கள் பிள்ளைகளின் மொழியிலேயே பேசுவார்கள், பத்தே நாளில் கிளம்பிப் போகவும் மாட்டார்கள். இல்லாவிட்டால், பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்குச் சைக்கிளும் மாதாமாதம் அரிசியும்.

நவம்பர் 8, இரவு

அந்த 32,000இல் பாதி விமானத்துக்கும் ஹோட்டலுக்கும்தான் போகிறது, அதைக் காப்பகத்தின் தலையில் கட்டாதே என்று தெம்பனிஸ் அண்ணன் சொல்கிறார். சரியான பேச்சு. பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குச் சம்பளம். என் கட்சி இன்னும் பலமாகத்தான் இருக்கிறது அண்ணே, மற்ற பாதி ஹோட்டலுக்கல்லவா போகிறது!

மாணவர்களுக்கு வெளிநாட்டு அனுபவம் கிடைக்கிறதே என்கிறீர்கள். கிடைக்கும், மறுக்கவில்லை. அனுபவத்துக்கு அனுபவம் என்று பெயர் சொல்லிச் செலவு பண்ணுங்கள், சேவைக் கணக்கில் எழுதாதீர்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் சிவப்பு மையால் சுழிப்பார்.

நவம்பர் 12

சிங்கப்பூரில் என்ன செய்யலாம் என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்து.

இங்கேயும் பிள்ளைகள் இல்லங்கள் இருக்கின்றன. குடும்பத்தில் ஏதோ சரியில்லாமல், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு பாதுகாப்புக்காகச் சேர்க்கிற பிள்ளைகள். நான் இப்போது ஓர் இல்லத்தில் வாரம் ஒருநாள் மாலை கணிதத் துணைப்பாடம் எடுக்கிறேன். கம்போடியாவில் கடப்பிதழ் இருந்தாலே போதும், பிள்ளைகளோடு உட்காரலாம். இங்கே உள்ளே நுழைய என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். ஏன் வருகிறாய், ஒரு வருடமாவது தொடர்ந்து வருவாயா, நடுவில் நிறுத்த நேர்ந்தால் பிள்ளையிடம் எப்படிச் சொல்வாய்? பின்னணிச் சோதனை வேறு. கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். படம் எடுக்கக்கூடாது. இனிப்பு வாங்கிக்கொண்டு போகக்கூட முன்கூட்டியே கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு காவல் வைக்கிற நாம், சியம் ரீப் பிள்ளை என்றால் மட்டும் ஏன் கதவைத் திறந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்?

ஒரு பையன், தொடக்கநிலை ஐந்து. முதல் சில வாரங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பின்னம் சொல்லிக் கொடுத்தால் அழிப்பானைத் துண்டு துண்டாகக் கிள்ளிப் போடுவான். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் மழையில் பேருந்து கிடைக்காமல் தாமதமாகப் போனேன். "வர மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான், தலையைத் தூக்காமலே. அன்றைக்கு அழிப்பானுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னம் இன்னும் அவனுக்கு வரவில்லை, அது வேறு கதை.

இதிலே ஒரு விசித்திரம். கம்போடியாவுக்கு ஆள் சேர்க்க நோட்டீஸ் ஒட்டினால் இடம் உடனே நிரம்பிவிடுகிறது. வாரம் ஒருநாள் பூன் லேயில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர வா என்றால் எல்லாருக்கும் தேர்வு வந்துவிடுகிறது. மாணவர் தொண்டூழிய மணிநேரம் இரண்டுக்கும் கிடைக்கும். படம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

வசதி இருப்பவர்கள் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தையும் பாருங்கள். 1956இலிருந்து இங்கே நடக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தாலும் விசாரித்துப் பாருங்கள். நான் தனி ஆள், ஓரறை வீடு, அதனால் துணைப்பாடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 16

ஜூரோங் அக்கா போட்ட பதிலை இப்போதுதான் பார்த்தேன். ஏற்பாட்டாளர்கள், "பிள்ளைகள் அறைக்குள் போகலாம், அதுதான் இந்தப் பயணத்தின் சிறப்பு" என்று சொன்னார்களாம். மகள் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லையாம். பிறகு அவளே குழுவில் கேள்வி எழுப்பி, நாலைந்து பேர் விலகிவிட்டார்களாம். மற்றவர்கள் போகிறார்கள்.

கெட்டிக்காரப் பெண். போகிற தோழிகளோடு சண்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பட்டும். காலையில் வகுப்பெடுக்கிற உள்ளூர் ஆசிரியர் யார் என்று தேடிப் பிடித்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்கச் சொல்லுங்கள். நிற அட்டை என்று சொல்லமாட்டார்.

முன்பணம் 300 வெள்ளி திரும்பக் கிடைக்காது என்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள், கையெழுத்துப் போட்ட படிவத்தில் ரத்து பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். படிவத்தைத் தனிச்செய்தியில் அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.

குடும்பத்தோடு சியம் ரீப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. டிசம்பரில் மழை இல்லை, வெயிலும் கடுமை இல்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, 40 கிலோமீட்டருக்கு மேல். முன்னே மாதிரி டுக்டுக்கில் கால் மணியில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், காரை முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். "அநாதை ஆசிரமம் பார்க்கிறீர்களா?" என்று ஓட்டுநர் கேட்டால், வேண்டாம், சாப்பாட்டுக்கடைக்குப் போ என்று சொல்லுங்கள். புளிப்பு மீன் குழம்பு ஒன்று போடுவார்கள், வீட்டுக்காரருக்குக் கட்டாயம் பிடிக்கும்.